ஆடி மாதத்தில் ஐம்பத்தெட்டுப் புள்ளிகள்

ஆடி பிறந்த அன்று சுகிர்தாவின் காதில் எழுபது புள்ளிகள் மிச்சமிருந்தன. கச்சேரிக்கு ஐம்பத்தெட்டு வேண்டும். கச்சேரி ஆடி முப்பதாம் தேதி, சனிக்கிழமை மாலை. அதுவரை பன்னிரண்டு புள்ளிகளுக்குள் வாழ்ந்து முடிக்க வேண்டும். வேறு மாதமாக இருந்தால் இது ஒரு பெரிய காரியமே இல்லை. ஆனால் ஆடியில், அதுவும் வில்லிவாக்கத்தில், எல்லையம்மன் கோயிலுக்கு நேர் எதிரே இரண்டாம் மாடியில், பன்னிரண்டு புள்ளி என்பது வெயிலில் வைத்த ஐஸ்கட்டி மாதிரி.

"சமாளிச்சிடுவேன்," என்றாள் சுகிர்தா.

"எப்படி?" என்றாள் மகள் இதயா, சோபாவில் படுத்தபடியே.

"முதல்ல அந்தக் குக்கரத் தூக்கிப் பரண்ல போடு. நாலு விசிலுக்குக் கால் புள்ளி திங்குது. இனிமே சோத்த வடிச்சுக்கலாம்."

"ஒரு பாட்டுக் கச்சேரிக்காகவா?"

"ஒரு பாட்டுக் கச்சேரி இல்ல. தகரக் கூரை பேண்டோட கடைசிக் கச்சேரி."

கடுகு வந்து பத்தொன்பது வருடம் ஆகியிருந்தது. காதுக்குப் பின்னால் தோலுக்கு அடியில் வைக்கும் சின்னச் சாதனம். அரசுக் காகிதங்களில் அதற்கு நீளமான பெயர் ஒன்று உண்டு, யாருக்கும் நினைவில்லை. இயர்போனில் ஒரு தலைமுறையின் காதே மந்தமாகிப் போனதும் வந்த சட்டம். ஒவ்வொருவருக்கும் பிறந்தநாளன்று நூறு புள்ளி. பேச்சு, மின்விசிறி, காக்கை, மழைத் தூறல் எல்லாம் இலவசம். அதற்கு மேல் சத்தமான எது காதில் விழுந்தாலும் புள்ளி குறையும். பூஜ்யம் ஆனதும் கடுகு காதை மூடிக்கொள்ளும். எதிரில் இருப்பவர் பேசுவது கேட்கும். பாட்டு, இடி, பட்டாசு எதுவும் கேட்காது, அடுத்த பிறந்தநாள் வரை. அப்படி ஆனவர்களை ஊரில் பஞ்சு என்றார்கள். 'அவன் மார்கழியிலேயே பஞ்சாயிட்டான்' என்பது சாதாரணமாகக் காதில் விழும் பேச்சு. கடுகை எடுத்துவிட்டால் மருத்துவக் காப்பீடு போய்விடும். அரசுப் பள்ளியில் மூன்றாம் வகுப்பு ஆசிரியையான சுகிர்தாவுக்கு வேலையும் போய்விடும்.

"உனக்கு அம்பத்தெட்டு, எனக்கு நாலு. பாவமாத்தான் இருக்கு," என்றாள் இதயா. அவள் செவியியல் இரண்டாம் ஆண்டு படித்துக்கொண்டிருந்தாள்.

"ரெண்டு பேரும் கேக்கப் போறது ஒரே பாட்டு. அது என்னடி கணக்கு?"

"உள்காதுல குட்டிக் குட்டி மயிர் இருக்கும்மா. சத்தத்துல படுத்துடும். என் வயசுல மறுநாளே எந்திரிச்சு நிக்கும். உன் வயசுல படுத்தது படுத்ததுதான். திரும்ப முளைக்காது."

"தலையில கொட்டுறது போதாதுன்னு அங்கயுமா?"

சிரித்தாலும் சுகிர்தாவுக்கு அந்தக் கணக்கு நன்றாகவே தெரியும். கடுகு வைத்த வருடம் தகரக் கூரையின் கச்சேரிக்கு அவளுக்கு ஒன்பது புள்ளி ஆனது. வருடத்துக்கு மூன்று முறை போனாள். நாற்பது வயதில் இருபத்தேழு ஆனது. தியேட்டருக்குப் போவதை நிறுத்தினாள். நாற்பத்தைந்தில் நாற்பத்தொன்று. அந்த வருடம் தீபாவளியை ஏலகிரியில் கழித்தாள். நாத்தனார் மகன் கல்யாணத்தில் கெட்டிமேளம் கொட்டும் நேரத்தில் எழுந்து பந்திக்குப் போய் முதல் இலையில் உட்கார்ந்துகொண்டாள். அதை ஓசூரில் வேலை பார்க்கும் அவள் கணவன் சிவநேசன் மறந்துவிட்டான். அவன் வீட்டார் மறக்கவில்லை. அதன் பிறகு நாலு வருடமாக எந்தக் கச்சேரிக்கும் புள்ளி சேரவில்லை.

"உனக்கு ஒண்ணு தெரியுமா?" என்றாள் இதயா. "பாடுற பெர்னார்டுக்கு அம்பத்தெட்டு வயசு. அவர் வயசுக்கு ஒரு கச்சேரிக்கு நூத்திப்பத்து புள்ளி. இருக்கறதே நூறுதான்."

"அப்புறம் எப்படிப் பாடுறாரு?"

"மூணு வருஷமா மேடைக்காரங்களுக்கு முழு அடைப்பு. காதுல மெழுகு மாதிரி ஒண்ணு வெச்சு அடைச்சிடறாங்க. அவங்க வாசிக்கறது அவங்களுக்கே கேக்காது. கால்ல அதிர்றத வெச்சும் எதிர்ல நிக்கிறவங்க முகத்த வெச்சும்தான் வாசிக்கறாங்க."

 சுகிர்தா எழுந்துபோய்க் குக்கரைத் தானே பரணில் ஏற்றினாள்.

*

எல்லையம்மன் கோயில் விழாக் குழுச் செயலாளர் கோதண்டம் ஏணியில் நின்று குழாய் ஸ்பீக்கரைச் சவுக்குக் கம்பத்தில் கட்டிக்கொண்டிருந்தார். சுகிர்தா கீழே நின்று அண்ணாந்து பார்த்தாள். குழாயின் வாய் நேராக அவள் வீட்டு ஜன்னலைப் பார்த்தது.

"கோதண்டம் சார், கொஞ்சம் திருப்பி வெக்கக் கூடாதா? ஹாலுக்குள்ளயே வந்து பாடுற மாதிரி இருக்கு."

"அம்மன் பாட்டு டீச்சர். வீட்டுக்குள்ள வந்தா நல்லதுதான?"

"நல்லதுதான். ஆனா சவுண்டயாவது கொஞ்சம் கொறைங்க."

"அத மட்டும் எங்கிட்ட கேக்காதீங்க. நான் பங்குனியிலயே பஞ்சு. எனக்கு ஒண்ணும் கேக்கறதில்ல. சவுண்டு பத்தலயோன்னு சந்தேகம் வரும்போதெல்லாம் கொஞ்சம் ஏத்தி வெச்சிடுவேன்."

சுகிர்தா கச்சேரியைப் பற்றிச் சொன்னாள். பன்னிரண்டு புள்ளியைப் பற்றிச் சொன்னாள். கோதண்டம் ஏணியில் இருந்தபடியே தாடையைச் சொறிந்தார்.

"என் பொண்ணுக்குப் பதினாறாம் வாய்ப்பாடு வரைக்கும் ஏத்தி விட்டவங்க நீங்க. ஒங்களுக்கு இல்லாததா?" என்று குழாயை அரை வட்டம் திருப்பினார். அது இப்போது கோயிலுக்குப் பின்னால் இருந்த சந்துப் பக்கம் பார்த்தது.

"அந்தப் பக்கம் யாருக்கும் தொந்தரவு இல்லையே?"

"பின்சந்துதான் டீச்சர். அங்க இருக்கறவங்க யாரும் சண்டைக்கு வர மாட்டாங்க."

சுகிர்தா நன்றி சொல்லிவிட்டு இலேசான மனதோடு படியேறினாள்.

அதன் பிறகு ஆடி அவளுக்கு நல்லபடியாகவே போனது. முதல் ஞாயிறு கூழ் வார்த்தபோது ஒன்றரைப் புள்ளி போனது. இரண்டாம் ஞாயிறு ஒன்றே கால். பாடி மேம்பாலத்துக்குக் கீழே ஒரு லாரி ஹாரனுக்கு அரை. பள்ளியில் 'ஊமை ஊர்' என்று ஒரு விளையாட்டைக் கண்டுபிடித்தாள். மூன்றாம் வகுப்பு முழுவதும் சைகையில்தான் பேச வேண்டும், முதலில் வாய் திறப்பவர் கரும்பலகை துடைக்க வேண்டும். பிள்ளைகள் அதில் இறங்கிய வேகத்தைப் பார்த்துத் தலைமையாசிரியை இரண்டு முறை வந்து கதவைத் திறந்து, எல்லாரும் இருக்கிறார்களா என்று எண்ணிவிட்டுப் போனார். நான்காம் ஞாயிறு தாண்டியபோது சுகிர்தாவிடம் அறுபத்து மூன்று இருந்தது.

"நீ ஜெயிச்சிட்டம்மா," என்றாள் இதயா.

"இன்னும் நாலு நாள் இருக்கு," என்றாள் சுகிர்தா. ஆனால் பீரோவின் அடித்தட்டிலிருந்து அந்தப் பழைய டி-ஷர்ட்டை எடுத்துவிட்டிருந்தாள். கறுப்பு. மார்பில் ஒரு தகரக் கூரை, அதன்மேல் நாலு சாய்ந்த கோடுகளாக மழை. முப்பது வருடத்துக்கு முன் கடற்கரையில் வாங்கியது. உடலோடு அது கொஞ்சம் சண்டை போட்டது, ஆனால் ஏறியது.

*

வழக்கமாக இஸ்திரிக்குத் துணி கொண்டுபோவது இதயா. வியாழக்கிழமை அவளுக்குத் தேர்வு. அதனால் சுகிர்தாவே டி-ஷர்ட்டையும் இரண்டு புடவைகளையும் எடுத்துக்கொண்டு கோயிலைச் சுற்றிப் பின்சந்துக்குப் போனாள்.

இஸ்திரி வண்டி சந்தின் வளைவில் நின்றது. பூங்காவனத்துக்கு ஐம்பது வயது இருக்கும். நெற்றியில் வியர்வைக்குக் கட்டிய துண்டு. புடவைகளை வாங்கி அடுக்கியவள், டி-ஷர்ட்டைப் பிரித்ததும் நிறுத்தினாள். மழைக் கோடுகளை ஒரு விரலால் தடவிப் பார்த்தாள். பிறகு அதை உள்புறமாகத் திருப்பிப் போட்டு, இஸ்திரிப் பெட்டியை வைத்து, ஒரு பாட்டை முணுமுணுக்க ஆரம்பித்தாள்.

*மழை வந்தா சொல்லு, மாடியில துணி கிடக்கு...*

தகரக் கூரையின் பாட்டுதான். தெரியாதவர்கள் இல்லை. அதில் ஆச்சரியம் ஒன்றும் இல்லை. பல்லவி முடிந்ததும் பூங்காவனம் வாயாலேயே கிட்டாரை வாசித்தாள். ஒரு சுற்று. இரண்டாவது சுற்று. உடனே சரணத்தில் இறங்கினாள்.

*கொடியில காயுது நேத்தைய நாளு...*

சுகிர்தாவுக்குக் கை ரோமம் சிலிர்த்தது.

பதிவில் அந்த இடத்தில் கிட்டார் நாலு முறை சுற்றும். ஊர் முழுவதும் அப்படித்தான் பாடும். இதயா அப்படித்தான் பாடுவாள். இரண்டு சுற்றிலேயே இறங்குகிறவர்கள் ஒரு சிலர்தான். அவர்கள் எல்லாரும் ஒரே ஒரு சாயங்காலம் ஒரே இடத்தில் நின்றவர்கள், அல்லது அதன் பிறகு சில வருடங்கள் கச்சேரிகளில் அவர்கள் பக்கத்தில் நின்று அவர்களிடமிருந்து பிடித்துக்கொண்டவர்கள்.

"நீங்க... காசிமேட்டுல இருந்தீங்களா?" என்றாள் சுகிர்தா.

பூங்காவனம் நிமிர்ந்தாள். "கரண்ட் போச்சே, அன்னிக்கா?"

"அன்னிக்குத்தான்!"

"இருந்தனே! எங்க மாமா ஐஸ் கம்பனில வேல. மீன் பொட்டி மேல ஏறி நின்னுன்னு இருந்தேன். பாட்டு பாதில கரண்டு புட்டுக்கிச்சு. அவங்க வாசிக்கிறது ஒண்ணும் கேக்கல. நாங்களாப் பாட ஆரமிச்சோம்."

"ரெண்டு சுத்து முன்னாடியே."

"யாருக்கு அப்போ சுத்து கணக்கு தெரியும்? கரண்டு வந்தா, அவங்க ஒரு பக்கம், நாங்க ஒரு பக்கம். அந்தாளு பெர்னார்டு எங்களப் பாத்துச் சிரிச்சிட்டு, வாசிச்சத அப்டியே வுட்டுட்டு எங்ககூட வந்து சேந்துக்கினான்."

"அதுக்கப்புறம் மேடையில எப்பவும் ரெண்டு சுத்துதான்."

"எப்பவும் ரெண்டுதான்," என்று பூங்காவனம் பெட்டியை வேகமாக ஓட்டினாள். "இப்போ என்னமோ நாலு வாசிக்கிறாங்களாம். முன்னாடி நிக்கிறதெல்லாம் சின்னப் பசங்க. அதுங்க நாலுதான் பாடுதுங்க. பெர்னார்டுக்குத்தான் காது அடச்சிட்டாங்களே, அதுங்க வாயப் பாத்துத்தான் எறங்குறான்."

"சனிக்கெழம வர்றீங்கதானே?" என்றாள் சுகிர்தா. கேட்கும்போதே அவளுக்குச் சந்தோஷமாக இருந்தது.

பூங்காவனம் டி-ஷர்ட்டை மடித்தாள். "டிக்கெட் வாங்கி வெச்சேன். எனக்கும் அம்பத்தொம்போது கேக்குது மிஷினு. ஆடி பொறக்கச்சொல்ல அறுவத்தாறு வெச்சிருந்தேன். எப்பவும் கோயில் ஸ்பீக்கர் அந்தப் பக்கம் பாத்துன்னு இருக்கும், எனக்கு ரெண்டு மூணுதான் போவும். இந்த வருஷம் இன்னாத்துக்கோ இந்தப் பக்கம் திருப்பி வுட்டுட்டானுங்க. வண்டிய எங்க தள்றது? நாலு ஞாயிறு, பதினேழு புள்ளி. நாப்பத்தொம்போதுல நிக்கிறேன்."

சுகிர்தா தலை உயர்த்திப் பார்த்தாள். வீடுகளின் கூரைக்கு மேலே, கொஞ்ச தூரத்தில், சவுக்குக் கம்பத்தில் குழாயின் வாய் தெரிந்தது. அது அவளையே பார்ப்பது போல் இருந்தது.

"மூணு துணி," என்றாள் பூங்காவனம். "பொண்ணு வந்து வாங்கிக்குமா, நீங்களே எடுத்துன்னு போறீங்களா?"

"நானே எடுத்துட்டுப் போறேன்," என்றாள் சுகிர்தா.

*

வீட்டுக்கு வந்து இதயாவிடம் சொன்னாள்.

"புள்ளிய மாத்திக் குடுக்க முடியாதாடி?"

"அது என்ன, ஃபோன் டேட்டாவா? காதும்மா."

"அவங்களுக்கு ஒரு மனு எழுதிப் போட்டா?"

"பரிசீலிச்சு அடுத்த ஆடிக்குப் பதில் வரும். நீ என்ன வேணும்னா செஞ்ச? உனக்குத் தெரியாதுல்ல?"

தெரியாதுதான். ஆனால் குழாய் திரும்பிய பிறகு, சத்தம் எங்கோ போய்க்கொண்டுதான் இருந்திருக்கிறது. எங்கே என்று நாலு ஞாயிறாக அவள் எட்டிப் பார்க்கவே இல்லை. மூன்றாம் வகுப்புப் பிள்ளை ஒன்று இப்படிச் செய்திருந்தால் அவள் என்ன சொல்லியிருப்பாள் என்று அவளுக்கே தெரியும்.

வெள்ளிக்கிழமை பள்ளி முடிந்ததும் நேராகப் பின்சந்துக்குப் போனாள்.

"குழாயத் திருப்பச் சொன்னது நான்தான்," என்றாள். வழியெல்லாம் கோர்த்துவைத்திருந்த வாக்கியங்கள் ஒன்றும் வரவில்லை.

பூங்காவனம் ஒரு சட்டைக் காலரை முடித்தாள். அடுத்த சட்டையை எடுத்தாள்.

"ஓ," என்றாள். "நீங்கதானா?"

"இந்தப் பக்கம் யாரு இருக்காங்கன்னு யோசிக்கல. தப்புத்தான்."

"நேத்தே சொல்லியிருந்தா அந்தப் பனியன நல்லாக் கருக்கி வுட்டிருப்பேன்."

"இப்பக்கூடக் கொண்டு வந்து தர்றேன்."

பூங்காவனம் சிரிக்கவில்லை. கரித்துண்டு ஒன்றை எடுத்துப் பெட்டிக்குள் போட்டு, மூடி, ஆட்டினாள். தீப்பொறி இரண்டு பறந்து அணைந்தன.

"நீங்க போங்க டீச்சர். ரெண்டு பேரும் போவாம இருந்து இன்னா ஆவப் போவுது? போயிட்டு வாங்க. வந்து எங்கிட்ட மட்டும் எப்டி இருந்துச்சுன்னு சொல்லாதீங்க."

*

சனிக்கிழமை மாலை தீவுத்திடலின் வாசலில் இரண்டு வரிசைகள். நாற்பத்தைந்துக்குக் கீழே இருப்பவர்களின் வரிசை சிந்தாதிரிப்பேட்டை வரை நீண்டது. இதயா தன் தோழிகளோடு அதில் நின்று கையாட்டினாள். நாற்பத்தைந்துக்கு மேலே இருப்பவர்களின் வரிசையில் ஒன்பது பேர். சுகிர்தா எண்ணினாள். ஒன்பதாவது அவள்தான்.

அவளுக்கு முன்னால் நின்ற வழுக்கைத் தலைக்காரர் ஒருவர் திரும்பினார். "எவ்வளவு வெச்சிருக்கீங்க?"

"அறுபத்தொண்ணு."

"பலே! நான் பொங்கல்ல இருந்து வெளியவே போகல. மாமியார் செத்ததுக்குக்கூட மேளம் வேணாம்னு சொல்லிட்டேன். பொண்டாட்டி பேசறதில்ல." அவர் குரலில் பெருமை இருந்தது. கண்ணில் இல்லை.

சுகிர்தாவின் முறை வந்தது. இயந்திரத்தில் காதை ஒட்டி வைத்தாள். பச்சை விளக்கு எரிந்தது. தடுப்புக் கம்பி விலகியது.

உள்ளே மேடை தெரிந்தது. தலைகளின் கடல். எல்லாம் கறுப்பு மயிர். மேடைக்கு அருகே மூத்தவர்களுக்கென்று கயிறு கட்டிய ஒரு சின்னச் சதுரம், அதில் எட்டுப் பேர், ஒருவரோடு ஒருவர் பேசாமல் தங்கள் புள்ளிகளோடு நின்றிருந்தார்கள்.

ஒவ்வொரு கச்சேரியும் சுகிர்தாவுக்கு இரண்டு தடவை நடக்கும். ஒன்று அங்கே நிற்கும்போது. இன்னொன்று மறுநாள் யாரிடமாவது சொல்லும்போது. இதை யாரிடம் சொல்வது? இதயாவுக்கு நாலு சுற்று. இரண்டு சுற்று தெரிந்த ஒரே ஆள், சொல்லாதே என்று சொல்லியிருக்கிறாள்.

"உள்ள போங்கம்மா," என்றார் வாயிற்காவலர். "பின்னாடி யாரும் இல்ல, இருந்தாலும் போங்க."

"இல்லங்க," என்று சுகிர்தா பின்னால் ஒரு அடி வைத்தாள். தடுப்புக் கம்பி மூடிக்கொண்டது. ஒரு வருடம். கெட்டிமேளம், தீபாவளி, குக்கர். அவள் திரும்பிப் பார்க்காமல் வேலியை ஒட்டி நடந்தாள்.

திடலைச் சுற்றித் தகரத் தடுப்பு அடித்திருந்தார்கள். கூவம் பக்கமாக வளைந்ததும் சுகிர்தா நின்றுவிட்டாள்.

நடைபாதை முழுக்க ஆட்கள். பாய் விரித்திருந்தார்கள். மடக்கு நாற்காலி போட்டிருந்தார்கள். ஒருவர் ஃப்ளாஸ்கிலிருந்து காபி ஊற்றிக்கொண்டிருந்தார். ஒரு தம்பதி எலுமிச்சைச் சோற்றுப் பொட்டலத்தைப் பிரித்து வைத்திருந்தார்கள். நரை, வழுக்கை, மூக்குக்கண்ணாடி. எங்கு பார்த்தாலும் கறுப்பு டி-ஷர்ட், நாலு சாய்ந்த கோடு. முந்நூறு பேராவது இருப்பார்கள்.

அவர்கள் நடுவில் ஒரு பிளாஸ்டிக் முக்காலியில் பூங்காவனம் உட்கார்ந்திருந்தாள்.

"இன்னா டீச்சர், மிஷினு ஒத்துக்கலயா?"

"ஒத்துக்கிச்சு."

"அப்பால?"

"செருப்பு கடிக்குது," என்றாள் சுகிர்தா.

பூங்காவனம் அவள் காலைப் பார்த்தாள். முகத்தைப் பார்த்தாள். பிறகு முக்காலியில் கொஞ்சம் நகர்ந்தாள். அது ஒருவர் மட்டுமே உட்காரக்கூடிய முக்காலி. இருவரும் பாதிப் பாதியாக உட்கார்ந்தார்கள்.

"இங்க எவ்ளோ போவும்?" என்றாள் சுகிர்தா.

"எட்டு. தடுப்பு இருக்கு, தூரம் இருக்கு. மூணு வருஷமா இங்கதான் நெறைய பேரு. உள்ள போறதுக்குப் புள்ளி இருக்கறவங்கதான் போவாங்க."

கச்சேரி ஆரம்பித்தது. உள்ளே அது எப்படி இருந்திருக்கும் என்று சுகிர்தாவுக்குத் தெரியும். விலா எலும்பு அதிரும். இங்கே அது பக்கத்து வீட்டுப் பாட்டு போல வந்தது. டிரம்ஸ் தகரத்தில் பட்டுக் கொஞ்சம் நசுங்கி வந்தது. பெர்னார்டின் குரல் சில வார்த்தைகளைக் காற்றில் விட்டுவிட்டு வந்தது. விட்ட வார்த்தைகளை நடைபாதையே நிரப்பியது. யாரும் கத்தவில்லை. பந்தியில் தண்ணீர் கேட்கும் குரலில் பாடினார்கள்.

ஏழரை மணிக்கு அந்தப் பாட்டு வந்தது.

*மழை வந்தா சொல்லு...*

உள்ளே பத்தாயிரம் பேர் சேர்ந்து பாடினார்கள். பல்லவி முடிந்தது. கிட்டார் சுற்ற ஆரம்பித்தது. உள்ளே எல்லாரும் அமைதியானார்கள், நாலு சுற்று காத்திருக்க.

ஒன்று.

பூங்காவனம் முக்காலியிலிருந்து எழுந்தாள். சுகிர்தாவும் எழுந்தாள். நடைபாதை முழுவதும் முட்டியைப் பிடித்துக்கொண்டு எழுந்தது.

இரண்டு.

*கொடியில காயுது நேத்தைய நாளு...*

முந்நூறு பேர். இம்முறை பந்திக் குரல் இல்லை. காசிமேட்டில் கரண்ட் போன சாயங்காலத்தில் பாடிய அதே குரல். புள்ளி பற்றி யாரும் நினைத்ததாகத் தெரியவில்லை. கிட்டார் உள்ளே மூன்றாவது சுற்றில் தன்பாட்டுக்குப் போய்க்கொண்டிருந்தது. அவர்கள் ஒரு பக்கம், இவர்கள் ஒரு பக்கம்.

திடீரென்று கிட்டார் நின்றது. மூன்றாவது சுற்றின் நடுவில், துணியைக் கத்தரித்த மாதிரி. ஒரு கணம் உள்ளிருந்து ஒன்றும் வரவில்லை. பிறகு பெர்னார்டின் குரல், அவர்கள் பாடிக்கொண்டிருந்த வரியின் பாதியில், அவர்கள் கூடவே வந்து சேர்ந்துகொண்டது.

பூங்காவனம் சுகிர்தாவின் மணிக்கட்டைப் பிடித்தாள். நல்ல சூடான கை.

"அவனுக்குத்தான் காது கேக்காதே," என்றாள். "எப்டி டீச்சர்?"

*

எட்டு மணிக்குக் கூட்டம் கலைந்தபோது இதயா ஓடி வந்தாள்.

"அம்மா! நீ உள்ள இல்லையா? அந்தச் சதுரத்துல தேடினேனே! நீங்கதான் பாடினீங்களா?"

"நாங்கதான்," என்றாள் பூங்காவனம்.

"எங்களுக்குக் கேட்டுச்சு ஆன்ட்டி. வெளியில இருந்து. எங்க எல்லாருக்கும் கேட்டுச்சு. என்னடா இதுன்னு அத்தனை பேரும் திரும்பி இந்தத் தகரத்தப் பாத்தோம். எல்லாரும். பெர்னார்ட் அங்க எங்க வாயையே பாத்துட்டு நின்னாரு. திடீர்னு பத்தாயிரம் பின்னந்தலை."

அவள் மூச்சு வாங்கினாள்.

"அவர் ஒரு நிமிஷம் அப்படியே நின்னாரு. அப்புறம் தகரத்தப் பாத்தாரு. சிரிச்சாரு. கைய ஒசத்தி கிட்டார நிறுத்தினாரு. ஒண்ணும் கேக்காமலேம்மா! நீங்க அங்க இருக்கீங்கன்னு தெரிஞ்சிடுச்சு."

பூங்காவனம் முக்காலியை எடுத்துத் தலைகீழாகக் கையில் மாட்டிக்கொண்டாள். சேலைத் தலைப்பால் மூக்கைத் துடைத்தாள். மூவரும் பேருந்து நிறுத்தத்துக்கு நடந்தார்கள்.

"ஒங்களுக்கு இப்போ எவ்ளோ இருக்கு?" என்றாள் கொஞ்ச தூரம் போனதும்.

சுகிர்தா கைப்பேசியைப் பார்த்தாள். "அம்பத்து மூணு."

"பொறந்தநாளு எப்போ?"

"இன்னும் பதினோரு நாள்ல."

"மீந்தது?"

"போயிடும். புதுசா நூறு வரும்."

"பதினோரு நாள்ல அம்பத்து மூணு," என்றாள் பூங்காவனம். "எப்டித்தான் செலவு பண்ணப் போறீங்களோ!"

*

ஆடி முடிந்தாலும் எல்லையம்மன் கோயிலில் ஆவணி முதல் ஞாயிறு விடையாற்றி உண்டு. அதற்கும் பாட்டு போடுவார்கள். அன்று காலை ஆறு மணிக்குக் கோதண்டம் வந்தபோது சுகிர்தா ஏணியைப் பிடித்துக்கொண்டு நின்றிருந்தாள்.

"நெசமாத்தான் சொல்றீங்களா டீச்சர்? ஒங்க ஜன்னலப் பாத்தா?"

"நேரா ஜன்னலப் பாத்து. இன்னும் கொஞ்சம் மேல. ஆங், அப்படி."

"சாயங்காலம் வரைக்கும் போடுவோமே?"

"போடுங்க."

"எனக்கு வேற ஒண்ணும் கேக்காது, ஏத்திக்கினே போவேன்."

"ஏத்துங்க," என்றாள் சுகிர்தா. படியேறி வீட்டுக்குள் போய், பரணிலிருந்து குக்கரை இறக்கினாள். அரிசியையும் பருப்பையும் போட்டு அடுப்பில் வைத்துவிட்டு ஹாலுக்கு வந்து, ஜன்னலின் இரண்டு கதவுகளையும் அகலத் திறந்து வைத்தாள்.